காத்தாயி கடையில் கசிந்த விலாசம்

ஒரு காட்டில், செல்போன் டவர் உச்சியில் கூடு கட்டியிருந்த காத்தாயி என்ற காகம் ஆன்லைன் கடை நடத்தியது. சிக்னல் சும்மா கிடைத்தது. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

ஒரே ஒரு குறை. ஒரு பருக்கை கிடைத்தாலும் ஊரைக் கூப்பிட்டுச் சொல்வதல்லவா காக்கைக் குலத்து வழக்கம்? சில சமயம் ஆர்டர் விழுந்ததும் காத்தாயிக்குத் தொண்டை அரித்துவிடும். "கா! புங்கமரத்தடி வளை முயலம்மா, கேரட் ரெண்டு கிலோ!" என்று சந்தோஷத்தில் கத்திவிடும்.

நரிக்குக் காது உண்டே. அன்றைக்கே வளை வாசலில் போய் நின்று, "அம்மா, பார்சல்! ஓடிபி சொல்லுங்க" என்றது. இடுக்கு வழியாக வாலைப் பார்த்துவிட்ட முயலம்மா, குட்டிகளோடு பின்வாசலில் ஓட்டம் பிடித்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

நேரே சிங்கராஜாவிடம் போய் அழுதாள். "கேரட்டுதானே மகாராஜா கேட்டேன்? நரியையா கேட்டேன்?"

"வாங்குபவர் விவரத்தைக் காப்பது விற்பவர் கடமை. அதுதான் சட்டம்" என்றார் சிங்கம்.

"'சம்மதம்'னு பொத்தானை அமுக்கினாங்களே மகாராஜா! நிபந்தனையெல்லாம் போட்டிருக்கோமே!" என்றது சபைக்கு வரவழைக்கப்பட்ட காத்தாயி.

"நீ படிச்சியா அதை?"

"இல்லீங்க."

சிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முயல் விலாசம்தானே! "சரி, விவரம் கசிந்ததை வாடிக்கையாளர் எல்லோருக்கும் முறைப்படி தெரிவி. பொழுது சாய்வதற்குள் தெரிவிக்காவிட்டால் கடைக்குப் பூட்டு."

காத்தாயிக்குக் கடைதான் உயிர். ஒருவரையும் விட்டுவிடக் கூடாதென்று டவர் உச்சிக்குப் பறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டது.

"கா! ஓடைக்கரை மயிலக்கா, நீங்க ஒட்டுத்தோகை வாங்கின விவரம் கசிஞ்சிருச்சு, மன்னிக்கணும்! நரியண்ணே, பாறைக்குப் பின்னாடி ரெண்டாவது குகைக்கு நீங்க அனுப்பின பட்டுச்சேலை விவரமும் கசிஞ்சிருச்சு, மன்னிக்கணும்!"

நரியின் சம்சாரம் விளக்குமாற்றைத் தேடினாள்.

"பெரிய குகை மகாராஜா, உங்க பல்செட்டு..."

முதலில் ஒரு முயல்குட்டி களுக்கென்றது. அப்புறம் யானை வரைக்கும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "யாரடா அது!" என்று கர்ஜித்த ராஜாவின் வாயிலிருந்து பல்செட் தெறித்து விழுந்தது.

சட்டம் அன்றைக்கே எழுந்து உட்கார்ந்தது. விவரம் கசிந்தால் ராஜதுரோகம். முயலம்மாவுக்குப் புது வளை, வாசலில் கரடிக் காவல். கடையை இழுத்து மூடத்தான் ராஜாவுக்கு ஆசை. ஆனால் பல்செட் பசைக்கு எங்கே போவது? காத்தாயியைத் தனியாக அழைத்து, தகவல் பாதுகாப்பு அதிகாரியாக நியமித்தார்.

"மத்த சாமானையும் சொல்லித் தொலைச்சுடாதே, தாயி" என்று கெஞ்சினார்.

நீதி: உங்கள் விவரம் பத்திரமாக இருக்க வேண்டுமானால், ராஜா ரகசியமாகச் சாமான் வாங்கும் கடையிலேயே வாங்குங்கள்.