பாயசத்துக்கு ஒட்டிய லேபிள்

முருகானந்தம் ஒரு முடிவுக்கு வந்தார். ஊரே படிக்க வேண்டும். வேணி மட்டும் படிக்கக் கூடாது.

விஷயம், பாயசம். வேணியின் அண்ணன் ரத்தினவேல் தொட்டியத்தில் வீடு கட்டிக் குடிபோன அன்று, தங்கை புருஷன் என்றும் பார்க்காமல் இவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தான். அதற்குள் பாயசம் தீர்ந்துபோயிற்று. இவர் இலையில் மோரை ஊற்றினார்கள். வருஷம் பல ஆயிற்று, மோரின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், இதற்கென்றே கம்ப்யூட்டர் பழகினார். ஸ்ரீரங்கத்து வீட்டில் உட்கார்ந்து 'மறக்க மாட்டேன்' என்று ஒரு வலைப்பூ தொடங்கினார். ரத்தினவேல் மகளுக்குக் கல்யாணம் வருகிறது. அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லாரும் படித்து நாலு வார்த்தை கேட்டால், மச்சான் தானாக வந்து முதல் பந்திக்குக் கூப்பிடுவான்.

ஆனால் வேணியும் போனில் படித்தாள். மச்சானைத் திட்டி எழுதிய நாளெல்லாம் ரவை உப்புமா. மூன்று வேளையும்.

யோசித்துப் பார்த்து, அதே வலைப்பூவிலேயே கேட்டார்: "சில பதிவுகள் மட்டும் மனைவி கண்ணில் படாமல் இருக்க வழி என்ன? தெரிந்தவர்கள் சொல்லவும்."

மறுநாளே 'நலம்விரும்பி' என்ற பெயரில் பதில் வந்தது. கூடவே கொஞ்சம் கோடிங். "இதை டெம்ப்ளேட்டில் ஒட்டுங்கள். மறைக்க வேண்டிய பதிவுக்கு 'மச்சான்' என்று லேபிள் கொடுங்கள். போனில் திறந்தால் அது வராது. கம்ப்யூட்டரில் மட்டும் வரும்."

ஒட்டினார். எங்கோ ஓர் அடைப்புக்குறி விட்டுப்போய், வலைப்பூ சலவை வேட்டி மாதிரி வெளுத்துப் போனது. அழித்தார், மறுபடி ஒட்டினார். போனில் பாயசம் காணோம். கம்ப்யூட்டரில் பாயசம் இருந்தது. அன்றைக்கே வீட்டில் வாழைப்பூ வடை.

"என்னங்க, இப்பல்லாம் அண்ணனப் பத்தி எழுதுறதே இல்ல?"

"மனசு மாறிட்டேன் வேணி."

"நல்லதுங்க. இன்னொரு வடை வெக்கட்டா?"

வடையைத் தின்றுகொண்டே பாயசத்தைப் பற்றி எழுதிக் குவித்தார். ஆனால் சொந்தத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள், காந்தி மார்க்கெட்டில் இலைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஹபீபுல்லாவுக்குப் போன் போட்டார்.

"பாய், நான் எழுதுறத எல்லாம் படிக்கிறீங்களா?"

"விடுறதே இல்லண்ணே. அம்மா மண்டபத்துப் படித்துறையில உங்க செருப்பு காணாமப் போனத எழுதினீங்களே, நல்லா இருந்துச்சு."

"பாயசம்?"

"என்ன பாயசம்?"

"எதுல படிக்கிறீங்க?"

"போன்லதான். கம்ப்யூட்டருக்கு நான் எங்கண்ணே போறது?"

முருகானந்தம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சித்தப்பா வைத்திருப்பது போன். துறையூர்ச் சின்னம்மாவும் போன். ஒருத்தி கண்ணை மூடப்போய் ஊர்க் கண்ணையே கட்டிவிட்டார். கோடிங்கை எடுத்தால் உப்புமா. எடுக்காவிட்டால் முதல் பந்தி இல்லை. ஒன்றும் புரியாமல், எந்தப் பதிவை எத்தனை பேர் படித்தார்கள் என்று வலைப்பூ காட்டும் கணக்கைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பாயசப் பதிவையும் யாரோ ஒரே ஒருவர் தவறாமல் படித்திருந்தார். யார் பெற்ற பிள்ளையோ?

மறுநாள் தொட்டியம் பஸ்ஸில் மெல்லக் கேட்டார்.

"வேணி, நம்ம சொந்தத்துல யாருகிட்ட கம்ப்யூட்டர் இருக்கு?"

"அண்ணன்கிட்டதான். ஜெராக்ஸ் கடை வெச்சிருக்குல்ல." ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "அந்தக் கோடிங்கும் அதுதான் எழுதி அனுப்புச்சு. நான்தான் கேட்டேன்."

"நீயா? உனக்கு எப்படித் தெரியும்?"

"மனைவிக்குத் தெரியாம எப்படி மறைக்கிறதுன்னு ஊரக் கேட்டீங்களே. நானும் ஊருலதானங்க இருக்கேன்."

கல்யாண மண்டப வாசலில் ரத்தினவேல் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்க மாப்ள. பாயசத்த நிறுத்திடாதீங்க. கடையில எனக்குப் பொழுது போறதே அதுலதான்."

சொல்லி, முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தான். சாம்பார் வந்தது, ரசம் வந்தது. பாயசம் இன்னும் அடுப்பில் கொதிக்கிறதாம். மோரை ஊற்றிவிட்டுப் போனார்கள்.

பக்கத்து இலையில் இருந்த வேணி குனிந்து அவர் காதருகே சொன்னாள்:

"இதையும் எழுதுங்க. லேபிள் மட்டும் மறந்துடாதீங்க."