மாமாவுக்கு வைத்த ரொட்டி

"பத்து நிமிஷத்துல முழுசா முடிச்சிடணும். மிச்சம் வெச்சா படம் சரியா வராது," என்று தட்டை வைத்துவிட்டுப் போனாள் ஸ்கேன் டெக்னீஷியன்.

முட்டை வைத்த ரொட்டி, நாலே துண்டு. படத்தில் தெரிவதற்காக லேசான கதிரியக்க மருந்து கலந்தது. பஸ் டிரைவர் ஒரு துண்டைத் தின்றார். இரண்டாவதைப் பார்த்ததுமே குமட்டியது. கால் சும்மா இருக்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பையைக் கெடுக்கிற வியாதி அவருக்கு. "இது இருக்கிற எல்லாருக்கும் வயிறு மந்தமாகாது. யாருக்கு ஆகும்னு கணக்குப் போட்டுப் பாக்கறோம். உங்களுக்கு ஆகும்னு வருது. நாலு மணி நேரம் கழிச்சும் சாப்பாடு வயித்துலயே நிக்குதுன்னு படமும் சொன்னா, கொஞ்ச நாள் தூர வண்டி வேண்டாம்," என்றிருந்தார் டாக்டர்.

இருபது வருஷம் ஓட்டிய வண்டி! விட்டால் யார் கைக்குப் போகும்? துணைக்கு வந்து பக்கத்தில் கொட்டாவி விடுகிறானே, மைத்துனன், அவன் கைக்குத்தான். அவனும் டிரைவர். அந்த வண்டிமேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். நினைக்கவே டிரைவருக்கு வயிறு எரிந்தது.

"மாப்ள, பசிக்குதா?"

"காலையிலேர்ந்து நானும் பட்டினிதானே மாமா!"

"இந்தா, சாப்பிடு."

"மருந்து கலந்ததாச்சே?"

"துளியூண்டுதான். கல்லைத் தின்னாலும் செரிக்கிற ஆளு நீ!"

அவ்வளவுதான், மூன்று துண்டும் மாயம்.

முதல் படத்தைப் பார்த்து டெக்னீஷியன் முகம் சுளித்தாள். "கொஞ்சம்தான் தெரியுது. மீதி எங்க?"

"இறங்கியிருக்கும்மா. எனக்கு எப்பவுமே வேகம்தான்."

"அஞ்சு நிமிஷத்துலயா? குடல்லயும் காணோமே!"

டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது. "கீழ சிந்தியிருக்கும்..." என்று உளறிவைத்தார்.

அது இன்னும் வம்பாகிவிட்டது. கதிரியக்க மருந்து சிந்தினால் சும்மா விடுவார்களா? கதிரியக்கம் இருந்தால் சத்தம் போடும் கைக்கருவியோடு வந்தவள் தரை, மேசை, குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் சோதித்தாள். கருவி வாயே திறக்கவில்லை. பெஞ்சில் இருந்த மைத்துனன் பக்கம் போனதும் 'கீ... கீ...' என்று கூப்பாடு போட்டது.

"மாமாதான் சாப்பிடச் சொன்னாரு!" என்று பட்டென்று போட்டுடைத்தான் அவன்.

டாக்டர் வந்து கத்தினார். பிறகு, போன மருந்தைப் பின்தொடர்ந்தாக வேண்டும் என்று மைத்துனனையே மணிக்கொரு தரம் படம் எடுக்கச் சொல்லிவிட்டார். டிரைவர் வராந்தாவில் கூண்டுப்புலி மாதிரி நடந்தார்.

"கவலைய விடுங்க மாமா," என்றான் மைத்துனன் தொப்பையைத் தட்டி. "உங்க வண்டிய நான் பத்திரமா பாத்துக்கறேன்."

நாலாவது மணியில் டெக்னீஷியன் கடைசிப் படத்தோடு வெளியே வந்தாள். டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உங்களுக்கு இன்னொரு நாள் புது ரொட்டி," என்று அவரிடம் சொல்லிவிட்டு, மைத்துனன் பக்கம் திரும்பினாள். "நீங்க உள்ள போய் டாக்டரைப் பாருங்க. நாலு மணி நேரமாச்சு, தின்ன ரொட்டி பாதிக்கு மேல இன்னும் வயித்துலயே உக்காந்திருக்கு!"