வாயில் துண்டு வைத்த இயக்குநர்

மூன்றாவது டேக்கிலும் யாரோ சிரிக்கும் சத்தம் பதிவாகியிருந்தது. ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு இயக்குநரை முறைத்தார்.

"நானா?" என்றார் இயக்குநர்.

"வேற யாரு சார்? உங்க வசனத்துக்கு உங்களத் தவிர..." மீதியை விழுங்கிக்கொண்டார்.

பதினெட்டு வருடம் மற்றவர்கள் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சி எழுதிக் கொடுத்தவர். இயக்குநர் நாற்காலியில் உட்காருவது இன்றுதான் முதல் நாள். எழுதும்போது தன்னை அறியாமல் சிரிப்பது அவர் சுபாவம். அதனால் குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டுவிட்டார்.

தயாரிப்பாளர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "எனக்கு இதுல சிரிப்பே வரல. மத்தியானத்துக்குள்ள முடியலேன்னா கேமராமேன் எடுத்துக்குவாரு. நீங்க பழையபடி எழுதப் போயிடுங்க." சொன்ன கையோடு பக்கத்து அறைக்குள் போய், மானிட்டர் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

இயக்குநர் மனைவிக்குப் போன் செய்தார். "நான் சிரிச்சுக் கெடுக்கறேனாம்."

"தெரிஞ்சதுதானே? மாடி வீட்டுக்காரர் எத்தன தடவ கதவத் தட்டியிருக்காரு! வாயில துண்டத் திணிச்சுக்குங்க."

திணித்துக்கொண்டார். காட்சி இதுதான்: வேலை கேட்டு வந்தவன் தெரியாமல் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, முதலாளியையே நேர்காணல் செய்கிறான். முடிகிற இடத்தில் இயக்குநர் "கட்" சொல்ல வேண்டும். துண்டு வழியாக "ம்ம்ம்" என்றுதான் வந்தது. பாராட்டுகிறார் என்று நினைத்த நடிகர் உற்சாகமாகி முதலாளிக்கு வேலை போட்டுக் கொடுத்து, சம்பளம் பேசி, லீவும் கொடுத்து, நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். நாற்காலிக்குக் கால் போயிற்று.

"சிரிப்பு அப்படியே இருக்கு சார். துண்டு மெலிசு போல" என்றார் ஒலிப்பதிவாளர்.

"அலமாரிக்குள்ள போய் நின்னுக்குங்க" என்றாள் மனைவி, மறுபடியும் போனில்.

ஆடை அலமாரிக்குள் போய் நின்றார். வெளியே யாரோ பொறுப்பாகத் தாழ்ப்பாள் போட்டார்கள். டேக் முடிந்து அவரைத் திறந்துவிடவே கால் மணி நேரம் ஆனது. அப்போதும் சிரிப்பு பதிவாகியிருந்தது.

இந்த முறை அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்திருந்தார். வயிறு குலுங்கவே இல்லை. வயிற்றுக்கும் தெரியாமல் ஒருவன் சிரிக்க முடியுமா?

"சார், தப்பா நினைக்காதீங்க. கட்டடத்த விட்டே கொஞ்சம் வெளிய போங்களேன்" என்றார் ஒலிப்பதிவாளர்.

பன்னிரண்டாக ஐந்து நிமிடம். எதிர்சாரியில் பூட்டிய கடையின் நிழலில் நின்று மனைவிக்குப் போன் செய்தார்.

"எனக்கு இது ஒத்து வராதும்மா. எழுதிக்கிட்டே இருந்திருக்கலாம்."



"தியேட்டர்ல உங்க வசனத்துக்கு ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. எழுதினவரு இவருதான்னு அந்த இருட்டுல உங்களத் திரும்பிப் பாக்கறது நான் ஒருத்திதான். பதினெட்டு வருஷமா அந்தப் பெருமைய நான் ஒருத்தியே சுமந்துட்டேன். இனிமே ஊர் சுமக்கட்டும். போங்க உள்ள."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாலையில் கால் வைத்தார். எதிரே, மைக் கம்பு பிடிக்கிறவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், சீக்கிரம் வாங்க! நீங்க இல்லாமலும் சத்தம் வருதேன்னு ரூம் ரூமாத் தேடினோம். தயாரிப்பாளர் சோபா மெத்தையில மூஞ்சியப் புதைச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாரு, அவருக்குக் 'கட்' சொல்ல எங்க யாருக்கும் தைரியமில்ல!"