மாதா விளக்கும் கொர்ரு மேஸ்திரியும்

புயலுக்குப் பயந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பல்புக்குப் பயந்தவர் உலகத்திலேயே கொர்ரு மேஸ்திரி ஒருவர்தான்.

கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் எலெக்ட்ரீஷியன். லீவு நாளில் பழவேற்காட்டுக்கு வந்து எங்கள் படகுகளின் ஒயர்லெஸ் செட்டைப் பார்ப்பார். செட்டு கொர்ரென்று இரைந்தால், காரணம் தெரியும்வரை சோறு தின்ன மாட்டார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது தெரியுமோ என்னவோ.

அப்போது ஐப்பசி. மறுநாள் விடியலில் என் மகன் சேவியர் கடலுக்குப் போக வேண்டும். கரையிலிருந்து நாங்கள் பேசினால் அவன் செட்டில் ஒரே கொர்ரு. காற்று திரும்பினால் எப்படிச் சொல்வது? மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினேன்.

மேஸ்திரி ஒரு பழைய டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு படகு முழுக்க மோப்பம் பிடித்தார். அது அவர் கல்யாணச் சீர். அதற்கு ஒரு சண்டைக் கதை உண்டு, இருக்கட்டும். எங்கே கொர்ரு ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு. இஞ்சின், பம்பு, பேட்டரி எல்லாவற்றிடமும் நலம் விசாரித்தார். மாதா படத்தைச் சுற்றியிருந்த கலர் சீரியல் லைட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் டிரான்சிஸ்டர் அலறியது.

“இத்த அணைப்பா,” என்றார் சேவியரிடம்.

“மாட்டேன் மேஸ்திரி. கடல்ல மாதா வெளக்க அணைக்கிற பழக்கமே இல்ல.”

“மாதாவுக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும். உனக்குத்தான் காது கேக்கல.”

“நைனா, நீயாவது சொல்லு.”

நான் மாதாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். ஃபாதர் ஜெபம் பண்ணி ஏற்றிய விளக்கு. அணைக்கவும் பயம், எரியவிடவும் பயம்.

மேஸ்திரி விடுவிடுவென்று இறங்கிப் போனார். தன் ஸ்கூட்டர் இண்டிகேட்டரிலிருந்த குண்டு பல்பைக் கழற்றிவந்து, பேட்டரியில் கொடுத்து, மாதாவுக்கு முன்னால் எரியவிட்டார். பிறகுதான் சீரியல் லைட்டைப் பிடுங்கினார். மாதா ஒரு நொடிகூட இருட்டில் இல்லை. கொர்ரு நின்றது.

“இது கம்முனு எரியும்பா. அந்த கலர் லைட்டுதான் கத்திகினு கீது.”

மறுநாள் மதியமே காற்று திரும்பியது. கரையிலிருந்த செட்டைப் பிடித்துக் கத்தினேன்.

“சேவியர், திரும்பி வா. காத்து வருது.”

பதில் இல்லை. இன்னொரு தரம் கத்தினேன். இல்லை. யாரோ என் தோளைத் தொட்டார்கள். கம்பெனி யூனிஃபார்மோடு கொர்ரு மேஸ்திரி. ஷிப்டைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கிறார்.

“மைக்க வாய்க்குள்ள போட்டுக்காத பெரியவரே. மெள்ள பேசு.”

மெள்ளப் பேசினேன்.

“கேக்குது நைனா. காத்து மாறினப்பவே திருப்பிட்டோம். நீ கத்துனதுதான் ஒண்ணும் புரியல. இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்தற?”

“என் பல்பும் கத்திடுச்சோன்னு பயந்துட்டேன் பெரியவரே,” என்று மேஸ்திரி மணலில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். படகு கண்ணில் படும்வரை நான் அதை விடவில்லை.