அலுவலக வாசலில் அட்டைப்பூச்சி

மூன்று மணிக்கு அனுமதிக் குழு வருகிறது. ஏரி நீரின் பத்தாண்டு ஆக்சிஜன் அளவுகள் அகப்படவில்லை. அவை தொலைந்துபோகவில்லை. ஆய்வு நிலையத்தின் கணினிக்குள்தான் இருந்தன. எந்த மூலையில் என்பதை மட்டும் ஒருவரும் அறியார்.

“எடுத்துடுவீங்கல்ல?” என்றார் இயக்குநர் அம்மையார். “ஏரி வருஷா வருஷம் கெட்டுக்கிட்டே வருதுன்னு காட்டியாகணும். இல்லேன்னா சாயத் தொழிற்சாலைக் கழிவை அதுல விட இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுவாங்க. ஊரே குடிக்கிற தண்ணி.”

“என் பொறுப்பு மேடம்,” என்றார் பதிவாளர்.

ஆய்வுக் கோப்புகளுக்கு விவரக் குறிப்பு சேர்த்து, தேடுவோர் கைக்கு எட்டும்படி வைப்பது அவருடைய பணி. அதனை அவர் ஓராண்டாக அயராமல் செய்துவந்தார். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

முதலில் கோப்புகளின் பெயர்கள் அவரை உறுத்தின. ‘கடைசி’, ‘கடைசி இரண்டு’, ‘இதுதான் கடைசி’, ‘சத்தியமாக இதுதான்’ என்றெல்லாம் ஆய்வாளர்கள் பெயரிட்டிருந்தனர். ஒழுங்கை மதிக்கும் எவரும் இதனைப் பொறுக்கமாட்டார். பெயர்களை அடியோடு நீக்கி, எண்கள் கொடுத்தார். ஒழுங்கு வந்தது. எந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது போயிற்று.

ஆகவே ஒரு படிவம் அமைத்தார். பதினெட்டுக் கட்டங்கள், ஒன்று வெறுமையாயிருந்தாலும் படிவம் மூடாது. ஆய்வாளர்கள் கட்டத்துக்கு ஒரு புள்ளி வைத்து மூடினர். புள்ளியைத் தடைசெய்தார். ‘மேற்படி’ என்று எழுதினர். மேலே ஒன்றுமில்லை.

ஆகவே எழுதுவதையே ஒழித்து, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்தார். அகர வரிசை அணுவளவும் பிசகாத பட்டியல்கள். இடங்களின் பட்டியலில் முதலாவது ‘அலுவலக வாசல்’. ஆய்வுப் பொருள்களின் பட்டியலில் முதலாவது ‘அட்டைப்பூச்சி’. ஒரே வாரத்தில் ஆறாயிரம் கோப்புகளுக்கும் குறிப்பு நிறைந்துவிட்டது. நிலையத்தின் படகோட்டியும் தம்மிடமிருந்த ஒரே கோப்புக்கு நிரப்பினார். அவருக்கு மட்டும் அரைநாள் ஆயிற்று.

“ஒரு ஃபைலுக்கு இவ்வளவு நேரமாண்ணே?”

“லிஸ்ட்டைக் கடைசி வரைக்கும் படிக்க வேணாமா சார்?”

பதிவாளர் சிரித்தார். அது சென்ற மாதம்.

இன்று நண்பகலில் இயக்குநர் திரையை எட்டிப் பார்த்தார்.

“நம்ம ஆபீஸ் வாசல்ல ஆறாயிரம் தடவை அட்டைப்பூச்சி ஆராய்ச்சி நடந்திருக்கா?”

“அது வந்து மேடம்…”

“அப்ப நான் தினமும் எதை மிதிச்சுக்கிட்டு உள்ள வர்றேன்?”

“எல்லாரும் முதல்ல இருக்கிறதைத் தொட்டுட்டுப் போயிட்டாங்க மேடம்.”

“ஒரு வருஷமா நீங்க என்னதான் பண்ணினீங்க?”

“அகர வரிசை சரியா இருக்கு மேடம்.”

மணி இரண்டு. பதிவாளர் முறையாகச் சிந்தித்தார். வாசலில் என்ன இருக்கிறது? செருப்பு அடுக்கு, குழாய், ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கே ஆராய்ச்சி செய்ய ஒன்றுமில்லை. ஆகவே வாசல் என்று குறித்தவை யாவும் சோம்பலின் பிழையே. உண்மையில் அவை ஏரியைச் சேர்ந்தவையே.

நாற்காலிகளைச் சுமந்துகொண்டு படகோட்டி வந்து நின்றார். “சார், அந்த வாசல்னு போட்டிருக்கிறது…”

“அதைத்தாண்ணே சரி பண்ணிக்கிட்டிருக்கேன். நீங்க போய் நாற்காலியைப் போடுங்க.”

ஒரே கட்டளையில் ‘அலுவலக வாசல்’ அனைத்தும் ‘ஏரியின் நடு’ ஆயின. பிறகு தேடினார்: ஏரியின் நடு, ஆக்சிஜன், பத்தாண்டு.

ஒரே ஒரு கோப்பு வந்தது.

பதினெட்டுக் கட்டங்களும் செம்மையாக நிறைந்திருந்தன. அளவெடுத்தவர்: படகோட்டி. ஏரிக்குள் போய்வருபவர் அவர்தாமே! ஆறாயிரத்தில் ஒருவராவது படிவத்தை மதித்திருக்கிறார். பதிவாளரின் கண்கள் கலங்கின. கோப்பைத் திறந்து உள்ளே பார்க்கவில்லை. விவரக் குறிப்பு இத்தனை சுத்தமாயிருக்கையில் உள்ளே எட்டிப்பார்ப்பது மரியாதையன்று என்று கருதினார்.

குழுவினர் மூவர். தலைவர் கேட்ட நான்காம் நொடியில் வரைபடம் சுவரில் விழுந்தது. பத்தாண்டுகள், ஏற்றமில்லை, இறக்கமில்லை. அடிக்கோல் வைத்து இழுத்தாற்போன்ற ஒரு நேர்க்கோடு.

“அடேயப்பா, தண்ணி பளிங்கு மாதிரி இருக்கே!” என்றார் தலைவர். “இந்த ஏரி எதையும் தாங்குங்க.” கையெழுத்திட்டார். போகும்போது பதிவாளரின் தோளைத் தட்டினார். “கேட்ட உடனே டேட்டா எடுத்துக் கொடுத்த ஆபீஸை என் சர்வீஸ்ல இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

கார் புறப்பட்ட ஓசை அடங்கிற்று. இயக்குநர் சுவரிலிருந்த நேர்க்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன மாசம்கூட மீனெல்லாம் செத்து மிதந்துச்சே,” என்றார் தணிந்த குரலில். “இது எப்படிங்க?”



படகோட்டி கடைசி நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார்.

“படகு எடுக்கிறதுக்கு முன்னாடி, ஆக்சிஜன் அளக்கிற மெஷின் சரியா காட்டுதான்னு தினமும் நம்ம வாசல் தொட்டியில முக்கிப் பார்ப்பேன், அந்தக் கணக்கு மேடம் இது, அலுவலக வாசல்னு படிச்சுப் பார்த்துப் போட்டது நான் ஒருத்தன்தான்.”