மாதவராஜ் கம்ப்யூட்டர் கற்ற கதை

புரட்டாசி பிறந்த அன்றே மாதவராஜ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அறுபத்தாறு வயதானால் என்ன, கம்ப்யூட்டர் கற்றே தீருவது! பென்னாகரம் நூலகத்தில் முதியோருக்கு இலவச வகுப்பு. சனி, ஞாயிறு, மொத்தம் எட்டு நாள்.

அறிவுப்பசி என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் பசிதான். புரட்டாசி முழுக்க வீட்டில் கவிச்சி கிடையாது. பென்னாகரம் வழியாகப் போகும் பஸ்ஸோ கடைசியில் ஒகேனக்கல் மீன் வறுவல் கடைகளுக்குப் பக்கத்தில் போய்த்தான் நிற்கிறது. விரதத்தை முறித்தவர் அடுத்த மாதம் முழுக்க மறுபடி இருக்க வேண்டும் என்பது மனைவி குள்ளம்மாள் போட்ட சட்டம். அடுத்த மாதம் தீபாவளி. ஆகவே மாட்டிக்கொள்ளவே கூடாது.

"நானும் வரட்டுங்களா?" என்றாள் குள்ளம்மாள்.

"நீ எதுக்கு? நான் கத்துக்கினு வந்து உனக்குச் சொல்லித் தர்றேன்."

முதல் சனிக்கிழமையே அவர் பென்னாகரத்தில் இறங்கவில்லை. பெருமாள் கிழமையில் கெண்டை வறுவலா என்று மனசு உறுத்தியது. இரண்டாவது துண்டில் அதுவும் அடங்கிவிட்டது. கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டதால் முள் எடுக்கத்தான் திண்டாடினார்.

சாயங்காலம் வீட்டில் பாடம்.

"இன்னிக்கு என்னங்க சொல்லித் தந்தாங்க?"

"மவுசு புடிக்கறது. லேசாப் புடிக்கணும். அழுத்துனா சூடாயிரும்."

"அப்புடிங்களா! பாஸ்வேர்டுன்னா என்னாங்க?"

"அது ஆபீசருங்களுக்கு மட்டும் குடுப்பாங்க. நமக்கெல்லாம் தரமாட்டாங்க."

குள்ளம்மாள் வாயைப் பிளந்து கேட்டாள். மாதவராஜுக்குத் தன் மேலேயே மரியாதை கூடிவிட்டது.

எட்டாவது வகுப்பும் முடிந்தது. கிராம்பை மென்றுகொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். மகன் விட்டுப்போன பழைய லேப்டாப் முன்னால் குள்ளம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"என்னா பண்றே?"

"அட்டெண்டன்ஸ் அடிக்கறேங்க. கேத்தரின் டீச்சர் என்னையத்தான் அடிச்சு அனுப்பச் சொன்னாங்க."

"எந்த டீச்சர்?"

"உங்க டீச்சர்தாங்க! மொத நாளு கண்ணாடிய வுட்டுட்டுப் போயிட்டீங்களேன்னு அடுத்த பஸ்ஸுல எடுத்துக்கினு வந்தேன். உங்க நாற்காலி சும்மா கெடந்துச்சு. 'நீங்க உக்காருங்கம்மா'ன்னாங்க. எட்டு நாளும் உக்காந்தேன்."

மாதவராஜ் குனிந்து பார்த்தார். அவர் பேருக்கு நேரே எட்டுக் கட்டத்திலும் 'வரவில்லை'. தப்பே இல்லாத டைப்பிங்.

"குள்ளம்மா, அது வந்து..."

"கிராம்பையும் மீறி மீன் வாசம் வருதுங்க. தள்ளி நில்லுங்க."

அவள் புதிதாக ஒரு பக்கம் திறந்தாள். மேலே 'ஐப்பசி விரதம்' என்று அடித்தாள். கீழே ஒரே பேர், மாதவராஜ். எதிரே முப்பது கட்டம். தீபாவளிக் கட்டத்தைத் தேடிப் பிடித்து நிரப்பினாள்: 'தயிர் சாதம்.'