நடு ரோட்டில் நான் வைத்த பிள்ளையார்

தாம்பரத்துக்குக் கிழக்கே ஊர் வளர்ந்த விதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதலில் மனைக்கல் வரும். பிறகு அந்தக் கல்லுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து விற்ற புரோக்கர் வருவார். வீடு வரும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும், தண்ணீரோடு பாம்பு வரும். அதைப் பற்றிப் பேசுவதற்குக் குடியிருப்போர் நலச் சங்கம் வரும். ரோடு மட்டும் வராது.

எங்கள் நகருக்கு ஒரு ரோடு வரவிருந்தது. அதன் குறுக்கே கடவுளைக் கொண்டுபோய் உட்கார வைத்தவன் நான்தான். நகரின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். (பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வீட்டில் ஒரு வயது சொன்னார்கள். லாரி கிளீனராகச் சேரும்போது நானே ஒரு வயது சொன்னேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை.) ஏழாம் வகுப்பில் பாதியோடு ஓடிவந்து, லாரி, உப்பளம், பம்பாயில் ஓர் ஓட்டல் என்று சுற்றிவிட்டு, கடைசியில் திரிசூலம் பக்கம் கல்குவாரியில் இருந்தேன். அங்கே ஒரு விரல் நசுங்கியது. விரல் போனதும் வேலையும் போனது. கொஞ்ச நாள் தாம்பரம் ஸ்டேஷனில் படுத்திருந்தேன்.

அப்போதுதான் ரயில்வேயில் ரிடையரான வரதராஜன் சார் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். செம்பாக்கம் ஏரிப் பக்கம் புதிதாக முளைத்த நகரின் சங்கச் செயலாளர் அவர். கிணற்று மோட்டார் போடுவது, கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, பாம்பு வந்த வீட்டுக்குக் கம்போடு ஓடுவது, இதெல்லாம் என் வேலை. தங்குவதற்குச் சங்கத்தின் கொட்டகை. கூரை ஒழுகும். ஆனால் தினமும் ஒரே இடத்தில் ஒழுகும். அதுவரை நான் படுத்த இடங்களில் அந்த வசதி இருந்ததில்லை.

சங்கத்துக்கு இரண்டு கவலைகள். ஒன்று ரோடு. மெயின் ரோட்டிலிருந்து நகருக்குள் வர முப்பதடி அகலப் பாதை என்று மனை விற்றபோது சொன்னார்கள். தரையில் இருந்தது ஒரு மண் தடம். ஏரி நிரம்பினால் அது ஏரிக்குத் தம்பியாகிவிடும். போன மழையில் செல்வி என்ற பெண்ணுக்கு வலி எடுத்து, ஆட்டோ வராமல், நாற்காலியில் உட்கார வைத்து முழங்கால் தண்ணீரில் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் மகளும் பிழைத்தது எங்கள் திறமையால் அல்ல. அதற்குப் பிறகு சங்கத் தலைவி ஞானசுந்தரி டீச்சர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, ஜூன் மாதம் இன்ஜினியர் வந்து பார்ப்பார், பாதை தடையில்லாமல் இருந்தால் தார் ரோடு என்று ஒரு வாக்கு வாங்கிவந்தார்.

இரண்டாவது கவலை பார்க். பார்க் என்றால் பெஞ்சும் ஊஞ்சலும் நினைத்துக்கொள்ளக் கூடாது. பூங்காவுக்கு என்று விட்ட இடத்தில் வேலிக்காத்தான் முள் ஆளுயரம் நின்றது. அதன் மேல் புரோக்கர் ஏகாம்பரத்துக்குக் கண். ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி வேலி போட்டுக் கூறுபோட்டு விற்றுவிடக் கூடிய ஆள்.

இதற்கு நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. காலி இடத்தில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டால் எவனும் கை வைக்க மாட்டான்.

"நான் சர்ச்சுக்குப் போறவ. ஆனா சங்கத் தலைவியா சொல்றேன், பிள்ளையாரை வைங்க. போலீஸை விட அவருக்குத்தான் ஏகாம்பரம் பயப்படுவார்" என்றார் டீச்சர்.

(திருடிக்கொண்டு வந்த பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகம் என்பார்கள். எங்களுடையவர் மாமல்லபுரத்தில் ரசீது போட்டு வாங்கியவர்.)

பிள்ளையார் வந்து சேர்ந்த நேரம், வரதராஜன் சாருக்கு டெல்லியில் மகள் பிரசவம். டீச்சருக்குக் கோடை விடுமுறை, பாளையங்கோட்டைக்குக் கிளம்பிவிட்டார். சார் ரயிலுக்குப் போகும் அவசரத்தில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பார்க்ல வடகிழக்கு மூலைப்பா. முள்ளை வெட்டிட்டு வை. நான் வந்ததும் ஐயரைக் கூப்பிட்டு மத்ததைப் பாத்துக்கலாம்."

அரிவாளோடு போனேன். முள் குத்தியது. பாம்புச் சட்டை கிடந்தது. அப்போது எனக்கு யோசனை வந்தது. (என் வாழ்க்கையில் யோசனை வந்த நாட்களை எல்லாம் தனியாக எடுத்து வைத்தால், கஷ்டப்பட்ட நாட்களும் அவையே என்று தெரியும்.) இந்த மூலையில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? யார் ஒரு கற்பூரம் ஏற்றுவார்கள்? சாமி என்றால் நாலு பேர் நடக்கிற இடத்தில் இருக்க வேண்டாமா? கொஞ்சம் தள்ளி ஒரு வேப்ப மரம் நின்றது. நல்ல நிழல். காலையில் எலெக்ட்ரிக் டிரெயினுக்கு ஓடுகிற அத்தனை பேரும் அதன் அடியில்தான் போவார்கள்.

அங்கே வைத்தேன். யாரும் பெயர்க்க முடியாதபடி கீழே ஜல்லி போட்டுச் சிமென்ட் பூசினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

எல்லாரும் நடக்கிற இடத்துக்குத்தான் ரோடு என்று பெயர் என்பது அன்று என் மூளைக்கு எட்டவில்லை.

முதலில் வந்தவள் தனம். செல்வியின் தங்கை. மார்க்கெட்டில் பூக்கூடையோடு அலைந்துகொண்டிருந்தவள்.

"யோவ், இன்னாய்யா இங்க குந்த வெச்சுக்கீற?"

"பிள்ளையார்."

"அது தெரீது. நல்ல எடமாத்தான் கீது. நாளைலேர்ந்து நான் இங்கயே கூடையப் போட்டுக்கிறேன்."

யாரோ ஒருவர் வீட்டுக்கு டெலிபோன் வந்தது. இன்னொருவர் பையன் பத்தாவது பாஸானான். அவ்வளவு போதும். தினமும் தேங்காய் உடைந்தது. தகரக் கூரை வந்தது. போட்டுக் கொடுத்தவர் ஏகாம்பரம். அவர் இவ்வளவு பக்திமானா என்று நான் நெகிழ்ந்துபோனேன். "தம்பி, சரியான எடத்துல வெச்சிருக்கே" என்று என் முதுகில் தட்டினார். அடுத்த வாரம் காவலுக்கு ஆளில்லாத பார்க்கைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார். அப்போதும் எனக்குப் புரியவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

வரதராஜன் சார் டெல்லியிலிருந்து திரும்பி, ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்து வந்தார். ஆட்டோ வேப்ப மரத்தடியில் நின்றது.

"அவ்ளோதான் சார். கோயில் கீது. இதுக்கு மேல வண்டி போவாது."

சார் பெட்டியோடு இறங்கினார். தகரக் கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பெருமையோடு ஓடினேன்.

"என்னப்பா இது?"

"நம்ம பிள்ளையார் சார்."

"அது தெரியுது. பார்க்ல வைக்கச் சொன்னேனே?"

"அங்க முள்ளு சார். யாரும் வர மாட்டாங்க. இங்கன்னா நாலு பேரு நடக்கிறாங்க."

"நடப்பாங்கடா! இது ரோடுடா!"

அதுவரை என்னை 'டா' போட்டுப் பேசாத மனிதர். பெட்டியைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் எழுந்து யோசித்து முடிப்பதற்குள் டீச்சரும் ஊரிலிருந்து திரும்பிவிட்டார், இன்ஜினியரின் ஜீப்பும் வந்துவிட்டது. இன்ஜினியர் செருப்பைக் கழற்றினார். மூன்று முறை சுற்றினார். விபூதி பூசிக்கொண்டார். பிறகு டீச்சரிடம் திரும்பி, "கோயில் நல்லா இருக்கும்மா. ரோடு எங்க?" என்றார்.

"இதுதான் சார் ரோடு."

"யார் இங்க வெச்சது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேப்ப மரத்தைப் பார்த்தேன்.

"அடுத்த வாரம் வரேன். வழி இருந்தா ரோடு. இல்லேன்னா பக்கத்து நகருக்குப் போயிடும். என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று மாலையே கூட்டம். நாற்காலிகளை நான்தான் போட்டேன். பாதிப் பேர் ரோடு வேண்டும் என்றார்கள். பாதிப் பேர் சாமியை எடுத்தால் குற்றமாகிவிடும் என்றார்கள். ஏகாம்பரம் எழுந்து, "பிள்ளையார் மேல கை வெச்சா என் உசுரைக் குடுப்பேன்" என்றார். (உயிரைக் கொடுப்பார். பார்க்கைக் கொடுக்க மாட்டார்.) வரதராஜன் சார் என் பக்கம் திரும்பி, "உன்னைக் கூட்டிட்டு வந்தது என் தப்பு. நாளைக்கு வேற இடம் பாத்துக்கோ" என்றார்.

போகச் சொல்வது எனக்குப் புதிதல்ல. என் சாமான் ஒரு பையில் அடங்கிவிடும். ஆனால் கொட்டகைக்குப் போய்ப் பையை எடுத்தபோது கை ஓடவில்லை. செல்விக்கு நடந்தது என்னால் இன்னொரு பெண்ணுக்கும் நடக்கும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எந்த இடத்தில் ஒழுகும் என்று தெரிந்த கூரையை விட்டு எங்கே போவது?

திரும்பி வந்தபோது டீச்சர் பேசிக்கொண்டிருந்தார். "வெச்சவரை அனுப்பிட்டா ரோடு வந்துடுமா சார்? வெச்சவரே எடுத்து வைக்கட்டும். குத்தமா இல்லையான்னு சாமிகிட்டயே கேளுங்களேன். பூக்கட்டிப் பாக்கற வழக்கம் உங்களுக்கு இருக்கே?"

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் பார்க்குக்குப் போகச் சம்மதம். சிவப்பு என்றால் இங்கேயே இருப்பார். யார் கட்டுவது? ஏகாம்பரம் முந்திக்கொண்டார். "நம்ம தனம் கட்டட்டும். தெனம் சாமிக்குப் பூ குடுக்கிற பொண்ணு." சாமி அங்கேயே இருந்தால்தான் அவளுக்கு வியாபாரம் என்று அவர் கணக்கு.

மறுநாள் காலை தனம் இரண்டு வாழையிலைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து பிள்ளையார் காலடியில் போட்டாள். எடுப்பதற்குச் செல்வியின் குழந்தையைத் தரையில் விட்டார்கள். அது தவழ்ந்து போனது. ஒரு பொட்டலத்தை எடுத்து நேராக வாயில் வைத்தது. பிடுங்கிப் பிரித்தால், வெள்ளை மல்லி.

ஒரே கைதட்டல். அந்தச் சத்தத்தில் இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

நான் பூசிய சிமென்டைப் பெயர்க்க அரை நாள் ஆனது. அரைகுறையாகச் செய்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். மூங்கில் கட்டி, மேளம் வைத்து, பிள்ளையாரைத் தூக்கினோம். உயிரைக் கொடுப்பேன் என்றவர் ஒதுங்கி நிற்க முடியுமா? முன் கொம்பில் ஏகாம்பரம், பின் கொம்பில் நான். நகரே பின்னால் வந்தது. நேராகப் போய் நின்ற இடம் ஏகாம்பரத்தின் கம்பி வேலி.

மேளம் நின்றது. கொம்பு தோளை அழுத்தியது. கிளம்பிய சாமியை நடுவழியில் தரையில் இறக்கக் கூடாது.

"இன்னாண்ணே நின்னுட்ட? சாமி வெயிட்டு கொஞ்சமா நஞ்சமா? கம்பிய அறுக்கச் சொல்லு!" என்று தனம் கத்தினாள்.

ஏகாம்பரத்தின் கழுத்து நரம்பு புடைத்தது பின் கொம்பில் இருந்த எனக்கே தெரிந்தது. கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தார். பிறகு, "டேய், அறுங்கடா!" என்றார், தன் ஆட்களிடமே. பிள்ளையார் முதலில் நுழைய, பின்னாலேயே நகர் முழுவதும் பார்க்குக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு அங்கே வேலி போட ஏகாம்பரம் வரவில்லை. சதுர்த்தி பூஜைக்கு மட்டும் வருவார்.

"மூலையை நான் காட்டறேன். நீ தூக்கினா போதும், யோசிக்காதே" என்றார் வரதராஜன் சார். அதற்குப் பிறகு என்னைப் போகச் சொல்லவும் இல்லை.

அடுத்த மழைக்கு முன்னால் தார் ரோடு வந்தது. கார்த்திகையில் ஒரு நாள், கொட்டுகிற மழையில், நகருக்குள் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஏதோ மந்திரி வந்ததுபோல எல்லாரும் குடையோடு வாசலுக்கு வந்து பார்த்தோம்.

தனத்தைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்னால் ஒரு முறை கேட்டேன். "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதானே?"

"செவப்பு வந்திருந்தா எங்கக்காவத் தூக்கினு போன மாரியே இன்னொருத்தியயும் தூக்கினு போவணும். நீயும் மூட்டையக் கட்டினு போயிருப்ப. அப்பால நான் யாராண்ட சண்ட போடறது?" என்றாள்.

இன்றும் எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு பீரோவோ ஃபிரிட்ஜோ வந்தால், எங்கே வைப்பது என்று கொண்டுவந்தவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து தனத்தின் குரல் வரும்: "அவரைக் கேக்காதீங்கப்பா! நட்ட நடுவுல வெக்கச் சொல்லுவாரு!" மகள் சேர்ந்துகொள்வாள்: "வெச்சு சிமென்ட்டும் பூசிடுவாரு!"

அவர்கள் வைத்து முடிக்கும் வரை வெளியே போய் ரோட்டில் நின்றுகொள்வேன். முப்பதடி ரோடு. தாராளமாக நிற்கலாம்.